நான் எடுத்துக் கொடுத்தது ஐம்பது

ஏனுங்க மாமா,

சரசு எழுதுகிறேன். நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருசம் முடிந்தது. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்காமலே "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பீர்கள். அந்தச் சத்தத்துக்கு இன்னும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருசத்துக்குப் பத்திரிகையில் உங்கள் போட்டோவைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்று நம் மகள் கவிதா சொன்னாள். நாலு வரியில் நான் சொல்ல வேண்டியது அடங்காது. அதனால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற கடிதம், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது ஊட்டியில் கவிதா வீட்டில் இருக்கிறேன். மழை விட்டபாடில்லை. துணி காயாமல் அடுப்படியில் கயிறு கட்டியிருக்கிறோம். பஷீர் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அவர் மருமகன் பார்த்துக்கொள்கிறார், பாய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் காரும் இருக்கிறது, மாமா. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தேயிலை விலை விழுந்த வருசங்களை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை இலைக்குக் கிடைத்த காசு பறிக்கிற ஆளுக்கே பத்தவில்லை. மஞ்சூர்ப் பக்கம் பலபேர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள், செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாக நின்றது. இலை இல்லாவிட்டால் லாரி ஓடாது. லாரி ஓடாவிட்டால் லாரி மெக்கானிக்குக்கு என்ன வேலை? பேக்டரி ஒர்க்‌ஷாப்பில் உங்களை "கொஞ்ச நாள் லீவுல இருங்க பழனிச்சாமி" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

ஏழாவது படித்துக்கொண்டிருந்த கவிதாவைத் திருப்பூரில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை போன் பூத்துக்குப் போய்ப் பேசுவேன். "என்ன சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டால், "அத்தை போட்டதைச் சாப்பிட்டேன்" என்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். அண்ணன் நம் இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலை, உங்களுக்கு ஜெனரேட்டர் பார்க்கிற வேலை. வந்தால் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்றார்.

நீங்கள் போகவில்லை. உங்களுக்கு அந்த மஞ்சள் கார் கிடைத்துவிட்டது.

ஊரை விட்டுப் போன ஒரு அமெரிக்கா டீச்சரம்மாவிடமிருந்து பாய் வாங்கிப் போட்ட கார் அது. இரண்டே கதவு, பின்பக்கம் வெட்டி விட்டது மாதிரி சரிந்து இறங்கும், ஸ்டியரிங் இடது பக்கம். அவர்கள் ஊரில் இதைக் குட்டிக் கார் என்று சொல்வார்களாம். நம் சந்தில் அது வந்து நின்றபோது இரண்டு வீட்டு வாசல் அடைத்துக்கொண்டது. அதன் எஞ்சின் குன்னூர் ஏற்றத்தில் பாதியிலேயே கொதித்து நின்றுவிடும். நீங்கள் அதைக் கழற்றி வீசினீர்கள். மஞ்சூர் எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெரிய அமெரிக்கக் கார் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலிருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்து வந்து இந்தக் குட்டியில் வைக்கப் போகிறேன் என்றீர்கள்.

அடுத்த வீட்டுப் பாப்பாத்தியக்கா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஏஞ் சரசு, உன்ற ஊட்டுக்காரரு தவக்களைக்கு யானை நெஞ்சு வெக்கறாராமா?"

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் உங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. "நெசந்தான சொல்லியிருக்குது அந்தக்கா, யானை நெஞ்சுதான்" என்று சிரித்தீர்கள். முன்பக்கத் தகட்டை வெட்டி, பேக்டரியில் ஒதுக்கிப் போட்ட இரும்பில் தாங்கி செய்து, ஜீப்பு கியர்பாக்ஸைக் கோத்து, எட்டு மாதம். கார்புரேட்டர் உள்ளே அடங்காமல் பானெட்டில் ஓட்டை போட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முதல் முறை ஸ்டார்ட் பண்ணியபோது நம் அலமாரிப் பாத்திரம் முழுக்க நடுங்கியது. உங்கள் முகத்தை அப்படி நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் விமானம் வராத பழைய ஓடுதளம் ஒன்றில் மில்லுக்காரர் வீட்டுப் பையன்கள் காரை வைத்துப் பந்தயம் விடுவார்கள். ரேஸ் என்றால் சுற்றிச் சுற்றி வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஊட்டியில் குதிரை அப்படித்தானே ஓடுகிறது. இது நேராகக் கால் மைல். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கொடி இறங்கியதும் கிளம்பும். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

பாய் உங்களிடம் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "பழனி, இந்த வண்டி ஒரே ஒருக்கா அவனுங்கள முந்திருச்சுன்னு வையி, கோயமுத்தூர்க்காரன் அத்தன பேரும் வண்டியத் தூக்கிட்டு மலையேறி வருவான். கடைக்குப் பின்னால இருக்கற ஷெட்டு உனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து என்னிடம், "தோத்துப்போனா மச்சான் சொன்ன வேலைக்கே போயர்லாம் சரசு. ஒரே ஓட்டம், அவ்வளவுதான்" என்றீர்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜெயித்தால் ஊட்டி, தோற்றால் திருப்பூர். அந்தக் கணக்கு அன்றைக்கே என் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணி பூத்துக்குப் போன் பண்ணி ஆள் விட்டு என்னை வரச் சொன்னாள். கவிதா பெரியவளாகி மூன்று நாள் ஆகியிருந்தது. "சொல்லலாம்னுதான் இருந்தேன், வேலை" என்றாள். மூன்று நாள் என் பிள்ளை யார் வீட்டிலோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், பெற்றவள் பக்கத்தில் இல்லை. ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் காருக்கு அடியில் படுத்திருந்தீர்கள். வெளியே வந்தீர்கள், கண் கலங்கினீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு, "ஓட்டம் முடிஞ்சிரட்டும் சரசு, ரெண்டு பேருமாப் போயி சீர் பண்ணீட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடியில் போய்விட்டீர்கள். வெளியே தெரிந்த உங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி ஜெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்புரேட்டருக்குள் பித்தளையில் திருகாணி மாதிரி ஒரு துண்டு, நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை, அதுதான் ஜெட். அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். அந்தக் காரில் இரண்டு ஜெட். ஊட்டியில் ஓட்ட ஒரு ஜோடி, கீழே போனால் மாட்ட இன்னொரு ஜோடி. எதற்கு இரண்டு ஜோடி என்று கேட்டேன்.

"நம்மூர்ல பருப்பு வேக நேரமாகுதல்ல? காத்து மெலிசு புள்ள. மெலிசுக் காத்துக்குப் பெட்ரோலுங் கம்மியாத்தான் குடுக்கோணும், அதுக்குச் சின்ன ஓட்டை. கீழ காத்துத் தடி. அங்க பெரிய ஓட்டை."

"மாத்தலீன்னா?"

"வண்டி முக்கும்."

முக்கும் என்றுதான் சொன்னீர்கள். ஏற்றத்தில் லோடு லாரி முக்குவதைப் பார்த்தவள் நான். மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டேன். இதை உங்கள் மேல் பழி போடச் சொல்லவில்லை. நான் எவ்வளவு தெரிந்துகொண்டு செய்தேன், எவ்வளவு தெரியாமல் செய்தேன் என்பது சரியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சின்ன ஓட்டைக்கு ஐம்பது என்றும் பெரியதற்கு ஐம்பத்துநாலு என்றும் பித்தளையில் பொடியாக அடித்திருக்கும். உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருந்தது. கண்ணாடி போட்டால் ஆயில் படுகிறது என்று போட மாட்டீர்கள். அதனால் பேரிங் நம்பர், பெல்ட் நம்பர் எல்லாம் படித்துச் சொல்வது என் வேலை. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. நீங்கள் பாயிடம் "சரசு பாத்துட்டா, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்வதை எத்தனையோ முறை உள்ளே நின்று கேட்டிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கும்.

காரை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாக இறக்கினோம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பாய் பெயர் கொடுக்கப் போனார். நீங்கள் ஊட்டி ஜோடியைக் கழற்றி, கீழே மாட்ட வேண்டிய ஜோடியையும் எடுத்து, தூசி போகட்டும் என்று நாலையும் ஒரே டிபன் மூடியில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினீர்கள். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். "ஏம்புள்ள, அம்பத்துநாலு எது? ரெண்டெடுத்துக் குடு."

நான் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. நடு வெயிலில் ஐம்பதும் ஐம்பத்துநாலும் பளிச்சென்று தெரிந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் விரல் ஐம்பதுக்குப் போனபோது நான் அதைத் தடுக்கவும் இல்லை. உங்கள் உள்ளங்கையில் இரண்டையும் வைத்தேன்.

"அம்பத்துநாலுதான?"

"ஆமாங்க."

இந்த ஒரு "ஆமாங்க"வுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கொடி இறங்கியது. வண்டி முக்கும் என்று காத்திருந்தேன். அது முக்கவில்லை, மாமா. முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிற மாதிரி கிளம்பியது. பாதித் தூரம் வரைக்கும் நீங்கள்தான் முன்னால். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று "போங்க மாமா, போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். செய்ததை மறந்தே போனேன். அப்போதுதான் வெடி போட்டது போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை காரையே மூடிவிட்டது. நீங்கள் புகைக்குள்ளிருந்து நடந்து வெளியே வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு இல்லை.

பெட்ரோல் பத்தாமல் எஞ்சின் சூடேறி, பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருந்தது. எட்டு மாத வேலை. நான் தலை சுற்றுகிறது என்று லாரியில் போய்ப் படுத்துக்கொண்டேன். நிஜமாகவே சுற்றியது. நீங்களும் பாயும் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். "நாந்தான் ஜெட்டை மாத்தி மாட்டீட்டேன் போல" என்று மட்டும் சொன்னீர்கள். நான் கொடுத்த பிறகு உங்கள் கையில்தான் மாறிவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஊட்டி மார்க்கெட் முழுக்க உங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அம்பது. "என்னங்க அம்பது, காத்து எப்பிடியிருக்குது?" "அம்பதண்ணா, அந்த ஸ்கூட்டர்ல கை வெச்சறாதீங்க சாமி." பழனிச்சாமி கை வைத்தால் செத்த எஞ்சினும் பேசும் என்று சொன்ன அதே வாய்கள். ஒரு மெக்கானிக்குக்கு மலை ஜெட்டைப் போட்டுக்கொண்டு கீழே ஓட்டியவன் என்கிற பெயரைவிடக் கேவலம் வேறில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கடந்து போவீர்கள். அடுத்த மாதம் திருப்பூர் போனோம். நான் கேட்டது கிடைத்தது.

அங்கே நீங்கள் ஜெனரேட்டரைத் தவிர வேறு எஞ்சினைத் தொடவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கூப்பிட்டபோதும் "நமக்கெதுக்குங்க" என்றீர்கள். முதல் தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்காமல் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போய்ப் படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கெதற்கு, எனக்கு நன்றாகத் தெரியுமே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தலைவலியோடு அதைப் போட்டுக்கொண்டு பஸ் போர்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் உங்களுக்குப் படித்துச் சொன்னேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், நர்ஸ் சொன்னதை விட்டுவிட்டு, "நீ ஒருக்காப் படிச்சுச் சொல்லு சரசு" என்றீர்கள்.

நான் ஊட்டிக்கு வந்தது தெரிந்து போன மாதம் பாய் ஆள் அனுப்பினார். மஞ்சள் காருக்கு அவர் மருமகன் வேறொரு எஞ்சின் போட்டிருக்கிறார். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ஊட்டியில் கூடுகிறார்களாம், அங்கே நிறுத்தப் போகிறார்கள். காருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு போர்டும் எழுதி வைத்திருந்தார்கள். மருமகன் படித்துக் காட்டினார். அதில், மெக்கானிக் ஜெட்டைத் தவறாகப் பொருத்தியதால் எஞ்சின் எரிந்தது என்று இருந்தது. "எங்க மாமா சொல்லுவாருங்கம்மா, அம்பது கதை, அது சொன்னாத்தான் ஜனம் நிக்கும்" என்று சிரித்தார். உங்கள் பெயர்கூட அதில் இல்லை.

அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாய் மருமகனைக் கடைக்குள் அனுப்பிவிட்டு, எனக்கு டீ வரவழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, பழனிதான் போயிட்டானே, இனிச் சொல்லலாம். மனசுல வெச்சுக்காதீங்க. அன்னிக்கி ஜெட்ட எடுத்து நாந்தான் படிச்சேன். அம்பதுன்னு இருந்துச்சு. டேய், எப்பிடிடான்னேன். சரசு பாத்துக் குடுத்தா பாய், பாவம், பொடி எழுத்து, அவளுக்குங் கண்ணு மங்கிருச்சாட்ட இருக்குது, யாருகிட்டயும் சொல்லிராதீங்க, நானே மாத்தீட்டேன்னு சொல்லீருங்கன்னான். படிக்கத் தெரியாதவள்னு ஊரு உங்களச் சொல்லீரக் கூடாதாம். அதான் நானும் அம்பது அம்பதுன்னு அவம்மேலயே ஓட்டீட்டேன். உங்க மேல தப்பில்ல தங்கச்சி."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

"ஆமாங்க பாய், பொடி எழுத்து" என்றேன்.

இருபது வருசத்துக்கு முன்னால் செய்தது கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. இதை நிதானமாக, டீ குடித்துக்கொண்டே செய்தேன். எனக்கு இதுதான் அதிக வெட்கமாக இருக்கிறது.

கண்ணாடி எதற்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் புரிந்தது. மழையில் நின்றுவிட்டேன். என் கண்ணில் இல்லாத குறைக்கு நீங்கள் மருந்து வாங்கித் தந்தீர்கள். அதற்காக உங்கள் பெயரையே கொடுத்தீர்கள். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உண்மையிலேயே கண் மங்கல் என்றுதான் நினைத்தீர்களா? இல்லை, தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா? காருக்கு அடியில் படுத்திருந்தபோது நான் நின்ற நிற்பு உங்களுக்கு ஞாபகம் வந்ததா? தெரிந்திருந்தால் ஒரு நாளாவது திட்டியிருக்கலாமே, மாமா. அதற்கப்புறமும் பத்தொன்பது வருசம் ஒரே பாயில் படுத்தோம்.

நேற்று கவிதாவிடம் சொன்னேன். அடுப்படிக் கயிற்றில் துணியைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "எனக்காகவாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், பாதி நிஜமும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு நான் கை கழுவுகிறேன் என்று ஆகும். "உனக்காக இல்ல கண்ணு. கோவத்துல. உங்கப்பன் மேல இருந்த கோவத்துல" என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். இன்று காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள், முகம் பார்க்கவில்லை. அது அவள் உரிமை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்துகிறார்கள். அதற்கு முன்னால் பாயிடம் போய், எழுத்துப் பொடியாக இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது என்று சொல்லிவிடுவேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். போர்டுக்கு வேறு வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். அஞ்சு முறை எழுதிக் கிழித்து ஆறாவதாக எழுதியது: "இந்தக் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்து ஓட்டியவர் மெக்கானிக் பழனிச்சாமி. அவர் கை தவறவில்லை. நம்பரை மாற்றிச் சொன்னது அவர் மனைவி சரஸ்வதி. தெரிந்தே சொன்னாள்."

மருமகன் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் போர்டு வேண்டாம், நானே பக்கத்தில் நிற்கிறேன். யார் வந்து கேட்டாலும் சொல்வேன். கேட்காமல் தாண்டிப் போகிறவர்களையும் நிறுத்திச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள்
சரசு